மருமக எழுதின பரீட்சை

அந்தப் பையில இருக்கது நீட் புக்குதானே? அட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எங்க வீட்லயும் இது மாதிரி ஒரு அலமாரி நெறையக் கெடந்துச்சு. மகளுக்கா? பிளஸ் டூ படிக்காளா. சரி, படிக்கட்டும்.

சன்னல் பக்கம் நீ உக்காந்துக்க தங்கச்சி, எனக்கு வெயில் ஆகாது. எட்டயபுரத்துலதானே எறங்கணும்? நேரமிருக்கு. நான் கோவில்பட்டி போயி அங்கேருந்து டவுன் பஸ் பிடிக்கணும்.

எம் மருமக இந்தத் தூத்துக்குடியிலதான் படிக்கா. மெடிக்கல் காலேஜுல, மொத வருசம். அவளப் பாத்துட்டுத்தான் வாரேன். மக இல்ல, மருமகதான். சொன்னா எல்லாரும் இப்படித்தான் ஒரு மாதிரியாப் பாக்காக. கல்யாணம் முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்த பொறவு எழுதி சீட்டு வாங்கினவ. யாரு படிக்க வச்சான்னு கேட்டா, நாந்தான். மாமியாக்காரி மருமகள டாக்டருக்குப் படிக்க வச்சான்னு வேற எங்கயாவது கேட்டிருக்கியா? எங்க தெருவுல வந்து விசாரி, சொல்லுவாக.

ஆனா ஒரு மனத்தாங்கல் இருக்கு. யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க ஊர்ல வாயத் தெறந்தா மறுநாள் குழாயடியில அதுதான் பேச்சு. நீ யாரோ, நான் யாரோ. கேட்டுட்டு நீயே சொல்லு, எம்மேல என்ன தப்புன்னு.

அவ பேரு வினோதினி. அவ அப்பா தீப்பெட்டி ஆபீஸுல வேன் ஓட்டுனவரு. கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளை. பிளஸ் டூ முடிச்ச கையோட ஒரு தடவை எழுதிருக்கா, வரல. அடுத்த வருசம் கோச்சிங் போயி எழுதிருக்கா, கையில வந்தது நழுவிப் போச்சாம். கவுன்சிலிங்ல இவளுக்கு முன்னால இருந்த பிள்ளை வரைக்கும் சீட்டு இருந்துச்சாம், இவ முறை வரும்போது முடிஞ்சுபோச்சாம். அந்த மாசமே அவ அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்துபோச்சு. பொறவு என்ன, சொந்தக்காரங்க சும்மா இருப்பாகளா? மனுசன் கண்ணு முன்னால இவள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துருவோம்னு பேச்சு வந்துச்சு. எம் மகன் மாரீஸ்வரன் மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கு. லீவுல வந்திருந்தான். பொண்ணு பாக்கப் போனோம்.

காப்பி கொண்டாந்து வச்சா. வச்சவ உள்ள போகணுமா இல்லையா? நின்னா. எம் மகன ஏறெடுத்துப் பாக்கல. என்னயப் பாத்துதான் கேட்டா. "அத்தை, கல்யாணத்துக்குப் பொறவு நான் இன்னொரு தடவை பரீட்சை எழுதலாமா?"

சபையில இருக்க எல்லாரும் என் மொகத்தப் பாக்காக. நான் என்ன சொல்லுவேன். "எழுதேன் தாயி, யாரு வேண்டாங்கப் போறா"ன்னேன்.

பொண்ணு பாக்கப் போற இடத்துல நாம நூறு சொல்லுவோம் தங்கச்சி. எங்க வீட்ல நீ மகாராணியா இருப்பேன்னு கூடத்தான் சொன்னேன். அதுக்காக மகாராணியா வச்சுக்கிட முடியுமா? அந்தப் பேச்ச அன்னைக்கோட விட்டுரணும். இவ விடல. தாலி கட்டி வீட்டுக்கு வந்த மறுவாரம் தகரப் பெட்டியத் தெறந்து புக்கெல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கிட்டா. அலமாரியில இருந்த என் சேலையெல்லாம் மடிச்சு பெட்டிக்குள்ள வச்சுட்டா. என்னயக் கேட்டுக்கிட்டுத்தான் வச்சா, இல்லங்கல.

மகன் ஊருக்குப் போயிட்டான். எங்க வீட்டுக்காரரு போயிப் பல வருசம் ஆச்சு. நானும் அவளும்தான் வீட்ல.

வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. நான் கண்ணு முழிக்கும்போது வாசத் தெளிச்சிருக்கும், இட்லி வெந்திருக்கும், சட்னி அரைச்சு மூடி வச்சிருப்பா. அவ அடுப்படியில பலகையப் போட்டு உக்காந்து புக்க விரிச்சிருப்பா. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு நாளாவது சட்னியில உப்பு கூடியிருந்தா, "புக்குல கண்ண வச்சுக்கிட்டு அரைச்சா இப்படித்தான்"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மனசு ஆறியிருப்பேன். அதுக்கு வழியே வைக்கல.

துணி துவைக்கும்போது வாய் அசையும். சாமி பாட்டு சொல்லுதா போலன்னு மொதல்ல சந்தோசப்பட்டேன். பக்கத்துல போயிக் காது குடுத்துக் கேட்டா, தவளைக்கு ரத்தம் எப்படி ஓடுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. கல்யாணமான பொண்ணு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தவளை.

நான் அவள ஒரு வார்த்தை தடுத்ததில்ல. சாயங்காலம் சீரியல் பாப்பேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வச்சாத்தான் கேக்கும். இருக்கது ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. அவ காதுல பஞ்ச வச்சுக்கிட்டு உக்காந்து படிச்சா. பாக்க வாரவுக என்ன நெனைப்பாக, மாமியா பேசுறது காதுல விழக்கூடாதுன்னு மருமக பஞ்சு வச்சிருக்கான்னுதானே? எடுத்துருன்னேன். எடுத்துட்டா. ஏன் எதுக்குன்னு கேக்கல.

அடுப்படிச் சுவத்துல சாக்பீஸால எழுதி வச்சிருப்பா. குழம்பு கிண்டும்போது பாத்துக்கிடுவாளாம். அம்புக்குறியும் நம்பரும் கட்டமும்னு சுவரு முழுக்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்ல? நாந்தான் மட்டைய எடுத்து அடிச்சேன், அவ கடைக்குப் போயிருந்த நேரம். வந்தவ நிலைப்படியில நின்னு பாத்தா. பொறவு அரிசியக் களைய ஆரம்பிச்சுட்டா. நாலு நாள் கழிச்சு அலமாரியத் தெறந்தா, கதவுக்கு உள்பக்கம் பூரா எழுதி வச்சிருக்கா. கதவ மூடினா வெளிய தெரியாது. பாத்துக்க, எம்புட்டு அழுத்தம்னு.

பிள்ளைப் பேச்ச விட்டுட்டேன் பாரு. கல்யாணம் முடிஞ்சு வருசம் ஆகப் போகுது, தெருவுல போனா "விசேசம் ஒண்ணும் இல்லையா"ங்காக. அவள மஸ்கட்டுக்கு அனுப்பி வைக்கலாம், அங்க ஒரு மாசம் ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும்னு மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பரீட்சை முடியட்டும்மா, நாந்தான் தள்ளிப் போடச் சொன்னேன்"ங்கான். குரலு அவன் குரலு, பேச்சு அவ பேச்சு. எம் மகனுக்கு இப்படிக் கோர்வையாப் பேச வராது.

சித்திரையில கடைசி மாதிரிப் பரீட்சைன்னு அவ முன்ன படிச்ச கோச்சிங்ல வச்சாக. கோவில்பட்டிக்குப் போயி எழுதணும். காலையில கிளம்பி வாசல்ல நின்னு செருப்ப மாட்டுதா. அந்நேரம் பாத்து எனக்குத் தலை கிறுகிறுன்னு வந்துருச்சு. பொய்யா சொல்லுவேன்? காலையில நாலு இட்லிதான் தின்னிருந்தேன். அப்படியே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஓடி வந்தா. மணிக்கட்டப் பிடிச்சு கடிகாரத்தப் பாத்தா. "நாடி நல்லாத்தான் இருக்கு அத்தை"ன்னா. என் மொகத்த ஒரு நிமிசம் பாத்தா. பொறவு செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சீனி போட்டுக் கலக்கிக் குடுத்தா. போகல. கூட்டாளிப் பிள்ளைகிட்டச் சொல்லி கேள்வித்தாள போன்ல வாங்கி, மத்தியானம் வேப்ப மரத்தடியில உக்காந்து தனியா எழுதுனா.

எனக்கு மத்தியானம் உடம்பு தேறிருச்சு. எதுத்த வீடு வரைக்கும் போயி பேசிட்டு வந்தேன். மரத்தடியிலருந்து பாத்தா. திரும்பக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டா. அவகிட்ட எனக்குப் பிடிக்காதது அதுதான். மனசுல இருக்கத சொல்லித் தொலைக்க மாட்டா.

பரீட்சை அன்னைக்கு யாரு கூடப் போறது? அவ அப்பா படுக்கையில. அவ அம்மா அவர விட்டுட்டு நகர முடியாது. நான் சொன்ன சொல்லு இருக்குல்ல, நாந்தான் போனேன். திருநெல்வேலியில ஒரு பள்ளிக்கூடத்துல போட்டிருந்தாக. காலையில கிளம்பிப் போயி வாசல்ல உக்காந்தாச்சு. நல்ல வெயிலு. எம்புட்டுப் பிள்ளைக தங்கச்சி, எம்புட்டு ஆத்தா அப்பன்க. ஒரு அம்மா மக சுடிதார்ல கை நீளமா இருக்குன்னு கத்திரிக்கோலு வாங்கிட்டு வந்து, நின்ன எடத்துலயே முழங்கை வரைக்கும் கத்திரிச்சு விடுறா. அந்தப் பிள்ளை மனப்பாடம் பண்ணுதத நிறுத்தல, ஒவ்வொரு கையா நீட்டுது.

கம்மல், வளையல், மெட்டி எல்லாம் வீட்லயே கழட்டி வச்சுட்டுத்தான் வந்திருந்தா. இரும்பு, தங்கம் எதுவும் இருக்கக் கூடாதாம். தாலிய மட்டும் விட்டுருவாகன்னு யாரோ சொல்லிருந்தாக. எங்க வீட்ல தாலி செயின்ல கோத்தது. அவ போனையும் பர்ஸையும் எங்கிட்டக் குடுத்தா, உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு.

பூப்பந்து மட்டை மாதிரி ஒரு மிசின வச்சு ஒரு பொண்ணு எல்லாத்தையும் தடவிப் பாத்து உள்ள விடுது. இவ கழுத்துகிட்ட வரும்போது கத்துச்சு. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. "தாலியாக்கா? மஞ்சக் கயிறுன்னா விட்டுருவேன். செயினா இருக்கே. சித்த இருங்க, பெரிய மேடத்தக் கேட்டுட்டு வாரேன்"னுட்டுப் போச்சு. போன பொண்ணு வரல. பின்னால வரிசை நிக்கி. கேட்டப் பூட்டப் போறோம்னு மைக்குல சொல்லுதாக.

வரிசைக்குக் கட்டியிருந்த கயித்துக்கு இந்தப் பக்கம் நான் நிக்கேன். இவ திரும்பினா. "அத்தை, கைய நீட்டுங்க."

என்னமோ தண்ணி பாட்டில் தரப் போறான்னு நீட்டினேன்.

தலைக்கு மேல தூக்கிக் கழட்டினா. பின்னல்ல மாட்டுச்சு. அத விடுவிச்சு, என் உள்ளங்கையில வச்சு, என் விரல ஒண்ணொண்ணா மடக்கி விட்டா. "பத்திரமா வச்சுக்கிடுங்க அத்தை"ன்னுட்டுப் போயிட்டா. அந்தப் பெரிய மேடம் வந்து என்ன சொல்லுவான்னு கூடக் காத்திருக்கல. திரும்பிப் பாக்கல.

எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு எனக்குக் கழட்டுனாக. சுத்தி நின்னு கையப் பிடிச்சுக்கிட்டு கழட்டுனாக. கழுத்துல கை வச்சவள நான் கடிச்சு வச்சேன், ரத்தம் வந்துருச்சு. இன்னும் அவ என்கிட்டப் பேசுறதில்ல. ஒரு பொம்பள கழுத்துலருந்து அது எறங்குறதுன்னா எனக்கு அந்த நாள்தான். இவ என்னடான்னா குளிக்கப் போறவ வளையலக் கழட்டி மாடத்துல வைக்கிற மாதிரி வச்சுட்டுப் போறா. அழுதிருக்கலாம். ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம். கண்ணுலயாவது ஒத்தியிருக்கலாம். எதுவும் இல்ல.

செயின் சூடா இருந்துச்சு தங்கச்சி. அவ கழுத்துச் சூடு.

கேட்டப் பூட்டிட்டாக. எல்லாரும் மரத்தடியில துண்ட விரிச்சுப் படுத்துட்டாக. என்னால உக்காரவே முடியல. எம் மகன் அங்க மாடிக்கு வெளிய கயித்தக் கட்டித் தொங்கிக்கிட்டு ஏசி மாட்டுறவன். அவன் உசுரோட இருக்கும்போது அவன் கட்டுனது என் கையில இருக்கு. போன் போட்டேன். எடுக்கல. திரும்பப் போட்டேன். எடுக்கல. பொறவும் போட்டேன், மணி அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு. அதுக்கு மேல எனக்கு என்ன செய்யுறேன்னே தெரியல. வீட்டுக்குப் போயி சாமி முன்னால வச்சு வெளக்கேத்தணும், அது ஒண்ணுதான் மனசுல. ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன்.

ஆமா, அவ உள்ளதான் இருந்தா. எழுதிக்கிட்டு இருந்தா.

கயத்தாறு தாண்டுனதுக்குப் பொறவு மகன் கூப்பிட்டான். "மேல வேலையா இருந்தேன்மா, என்ன இத்தன தடவ கூப்பிட்டிருக்க? வினோ உள்ள போயிட்டாளா?"ங்கான். எனக்கு அப்பத்தான் போன உசுரு திரும்பி வந்துச்சு. "போயிட்டாப்பா"ன்னேன். "நீ எங்கம்மா இருக்க?"ன்னான். "வாசல்லதான்"ன்னேன். அவன் கவலப்படக் கூடாதுல்ல, உசரத்துல நிக்கிறவன்.

எறங்கித் திரும்பப் போயிருக்கலாம்னு நீ நெனைப்ப. எனக்கும் தோணாம இல்ல. ஆனா எறங்கி, ரோட்டத் தாண்டி, எதிர்ப் பக்கம் வெயில்ல நின்னு, வாற பஸ்ஸு நிக்கணும், எடம் கெடைக்கணும். எனக்கு முட்டி வலி. அவ என்ன சின்னப் பிள்ளையா? மூணாவது தடவை பரீட்சை எழுதுறவ. போனும் பர்ஸும் என் பையிலதான் இருந்துச்சு. அது எனக்கு வீட்டுக்கு வந்து பையக் கவுத்த பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. வேணும்னா செய்வேன்?

பரீட்சை விட்ட நேரத்துலருந்து அவ போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மகன் போட்டோ வரும், அணையும், வரும். நான் எடுக்கல. என்னது பட்டன் போன், எனக்கு அந்த டச் போன் எடுக்கத் தெரியாது.

வெளக்கு வச்ச பொறவு வந்தா. துப்பட்டாவ கழுத்தச் சுத்திப் போட்டிருந்தா. காலெல்லாம் புழுதி. எப்படியோ வந்துட்டா. பானையில தண்ணி மொண்டு, சொம்ப அண்ணாந்து முழுசா குடிச்சா. பொறவு கட்டில்ல கெடந்த என் பைய எடுத்து அதுலருந்து போன எடுத்து, வாசல் முத்தத்துல நின்னு பேசுனா. நான் உள்ளதான் உக்காந்திருந்தேன். மெதுவாத்தான் பேசுனா, ஆனா எனக்குக் கேட்டுச்சு. "எழுதிட்டேங்க. நல்லா எழுதிருக்கேன். இல்ல, போன் சைலன்ட்ல இருந்துச்சு. அத்தையா? அவுக கூடத்தான் வந்தேன். உள்ள இருக்காக. அலுப்பா இருக்காக, நாளைக்குப் பேசுவாக."

பொய் சொல்லுதா பாரு, புருசன்கிட்ட. அவ்வளவு சுலபமா வருது.

நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன் தங்கச்சி. "என்னய நடுத்தெருவுல விட்டுட்டு வந்துட்டீகளே"ன்னு கேட்டா இன்னது சொல்லணும், அழுதா இன்னது சொல்லணும், அவ அம்மா வீட்டுக்குக் கிளம்பினா இன்னது சொல்லணும்னு. ஒண்ணும் தேவப்படல. ஒல வச்சு, சோறு வடிச்சு, முட்டைய ஊத்திப் பொரிச்சு, "சாப்பிட வாங்க அத்தை"ன்னா. சாப்பிட்டோம். நான் ரெண்டு வாயோட கை கழுவிட்டேன்.

தாலி சாமி படத்துக்கு முன்னாலதான் இருந்துச்சு, வெத்தலை மேல. அவ கண்ணுக்குத் தெரியுற மாதிரித்தான் வச்சிருந்தேன். கேக்கட்டும்னு இருந்தேன். கேட்டா என்ன, குடுத்துருப்பேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே எங் கையால போட்டு விடுறேன். அவ்வளவுதான் நான் நெனச்சேன். இது பெரிய விசயமா?

மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாக்கேன், தலைக்குக் குளிச்சு, மஞ்சக் கயித்துல ஒரு வெரலி மஞ்சளக் கோத்து அவளே கட்டிக்கிட்டு அடுப்படியில நிக்கா. சாமிக்குப் பூ வச்சா. செயின் அங்கனயே கெடக்கு. அத ஒதுக்கிட்டு, தொடாம, பூவ வச்சா.

தெருவுல என்ன பேசுனாக தெரியுமா? "என்ன மதினி, மருமக தாலிய அடகு வச்சுட்டீகளா, மகன் பணம் அனுப்பலையா?"ங்காக. மானம் போச்சு. இவ கேட்டிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா? அந்த ஒரு மாசம், ஒண்ணரை மாசம், காலையில அவ பூ வைப்பா, நான் பாத்துக்கிட்டு இருப்பேன். வேற எல்லாம் பேசுவோம். அரிசி வாங்கணும், கரண்டு பில்லு கட்டணும், எல்லாம் பேசுவோம். அத மட்டும் பேச மாட்டோம்.

ரிசல்ட்டு வந்துச்சு. வந்துருச்சுன்னு போனப் பாத்துச் சொன்னா, மார்க்கு சொன்னா, எனக்கு அது கூடவா கொறச்சலான்னு புரியல. "கெடைச்சுருமா?"ன்னேன். "கெடைச்சுரும் அத்தை"ன்னா. சொல்லிட்டு உள்ள போயி உக்காந்தா. சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா, அலமாரிக் கதவத் தெறந்து வச்சு, அதுல எழுதினதயெல்லாம் ஈரத் துணியால தொடச்சுக்கிட்டு இருக்கா. தொடைக்கா, அழுறா. அவ அழுது நான் பாத்தது அன்னைக்கு ஒரு நாள்தான். உள்ள போகலாமான்னு இருந்துச்சு. என்னமோ போகல.

கவர்மென்ட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குன சீட்டுல இங்க கெடைச்சுச்சு. தெரு பூரா நாந்தான் லட்டு குடுத்தேன். மகன் லீவு போட்டு வந்தான், சேத்து விட. அவங்கிட்ட அவ என்ன சொன்னாளோ, ஒண்ணும் சொல்லலையோ, தெரியல. சாமி படத்தப் பாத்தான், அவ கழுத்தப் பாத்தான். "ஏம்மா, அத அவகிட்டக் குடுத்துரேன்"னான். "அவ கேக்கட்டும்"னேன். அவகிட்டப் போனான். திரும்பி வந்தான். "நீங்க ரெண்டு பேருமே பேசிக்கிடுங்க"ன்னுட்டு வெளிய போயிட்டான். ஆம்பளைக எப்பவும் இப்படித்தான்.

காலேஜுல சேக்கப் போகும்போது என்னயக் கூட்டிட்டுப் போகல. அவ அம்மாவும் அப்பாவும் வந்தாக, அவர கார்ல சாச்சு உக்கார வைக்கணும், எடம் பத்தாதுன்னுட்டாக. நானும் சரின்னுட்டேன். அவ என் கால்ல விழுந்து கும்புட்டுட்டுத்தான் போனா. மரியாதையில குறை இல்ல.

இந்தா இருக்கு தூத்துக்குடி. சனி ஞாயிறுக்கு வரலாம். கோவில்பட்டிப் பிள்ளைகள்லாம் வருதுகளாம். இவ தீவாளிக்கு வந்தா. வந்து எனக்குச் சேலை குடுத்தா, அதிரசம் சுட்டா, மறுநாள் அவ அப்பா வீட்டுக்குப் போயிட்டு அப்படியே காலேஜுக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை போன் போடுவா. "சாப்டீகளா அத்தை, முட்டி வலி எப்படி இருக்கு, மாத்திரை போட்டீகளா." அம்புட்டுத்தான். என் போன்ல எல்லாரும் பேசுறது காது கிழியிற மாதிரி கேக்கும். அவ பேசுறது மட்டும் பக்கத்துத் தெருவுலருந்து கேக்குற மாதிரி இருக்கும்.

சரி, நாமளே எறங்கிப் போவோம்னுதான் இன்னைக்கு வந்தேன். பெரியவ நாந்தானே. செயின வெத்தலையில மடிச்சு, மஞ்சத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். ஹாஸ்டல்ல பாக்க வாரவுகளுக்குன்னு ஒரு ரூம்பு இருக்கு, அங்கன உக்கார வச்சாக. அவ கூட்டாளிப் பிள்ளைகளோட வந்தா, வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு. சிரிச்சுக்கிட்டே வந்தா தங்கச்சி. பல்லு பூரா தெரிய. எங்க வீட்ல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. ஆளு வேற ஆளோன்னு பாத்தேன். என்னயப் பாத்ததும் கோட்டு பட்டன மாட்டினா. "வாங்க அத்தை"ன்னா. பிள்ளைகள்ட்ட "எங்க அத்தை"ன்னு சொன்னா. எல்லாம் கும்புட்டுச்சுக. அவளே போயி டீ வாங்கிட்டு வந்து குடுத்தா.

பேசுனோம். பொறவு நான் துணிய அவுத்து நீட்டினேன்.

பாத்தா. கைய நீட்டல.

"இங்க நகையெல்லாம் வச்சுக்கிட வசதி இல்ல அத்தை. உங்ககிட்டயே இருக்கட்டும்"னா.

"கழுத்துல போட்டுக்க வேண்டியதுதான, எங்க வைக்கப் போற?"ன்னேன்.

கோட்டுக்குள்ள மஞ்சக் கயிறு கெடந்துச்சு. அதத் தொட்டுப் பாத்துக்கிட்டா. "இது பழகிருச்சு அத்தை. அது உங்ககிட்டதான் பத்திரமா இருக்கும்." சொல்லிட்டு, அவளே அந்தத் துணிய மடிச்சு, முடிச்சுப் போட்டு, என் பைக்குள்ள வச்சா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தா. வேண்டாம்னேன், கேக்கல. பஸ்ல ஏத்தி எடம் பிடிச்சு உக்கார வச்சுட்டு, சன்னல்கிட்ட வந்து நின்னு, "கையில பஸ்ஸுக்குக் காசு இருக்கா அத்தை?"ன்னு கேட்டா. இருக்குன்னேன். "போன்ல சார்ஜ் இருக்கா?"ன்னா. இருக்குன்னேன். அப்படியும் போகல. வண்டி எடுக்குற வரைக்கும் வெயில்லயே நின்னா. நீ ஏறும்போது பாத்திருப்பியே, வெள்ளக் கோட்டு, ஒல்லியா. அவதான்.

எம்மேல உள்ள நம்பிக்கைதானே இது? தாலியக் குடுத்து வைக்கிறான்னா சும்மாவா. இந்தக் காலத்துல எந்த மருமக மாமியாகிட்டக் குடுத்து வைப்பா. அப்படித்தான் நான் எடுத்துக்கிடுறேன். பஸ் கிளம்புனதுலருந்து அதையேதான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு வந்தேன். ஆனா ஏதோ ஒண்ணு இடிக்கி. என்னன்னு தெரியல. அவ ஒரு நாளாவது என்கிட்டச் சண்டை போட்டிருந்தா இம்புட்டுக் கஷ்டமா இருந்திருக்காது.

என்ன தங்கச்சி, பேசாமயே வார? நீ ஒண்ணுமே சொல்லலையே.

அன்னைக்கா? திருநெல்வேலியிலருந்தா?

போன் இல்லாம, காசு இல்லாம அவ எப்படி வந்தான்னா கேக்குற? அது... எனக்குத் தெரியாது. நான் கேக்கல. இன்னை வரைக்கும் கேக்கல.

யாராவது நல்லவுக ஏத்தி விட்டிருப்பாக. அம்புட்டுப் பேரு இருந்தாகள்ல, அந்த வாசல்ல.